பெரியப்பாவின் ஏர் ரைஃபிளும் கடலூரில் செத்துப்போன விஞ்ஞானியும்

ரொம்ப நாளா பதிவு போடலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இப்ப எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் :-)

சேலையூர்ல பெரியப்பா வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க. பெரியப்பா போய் நாலு வருஷம் ஆச்சு. போன மாசம் பரண் காலி பண்ற வேலைக்கு என்னைக் கூப்பிட்டாங்க. அண்டா, குண்டான், ஒடிஞ்ச தையல் மெஷின் இதுக்கெல்லாம் நடுவுல பழைய வேட்டில சுத்தி ஒரு ஏர் ரைஃபிள். சின்ன வயசுல எங்களுக்கு அது ஒரு சாமி மாதிரி. தொட விடமாட்டார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் மொட்டை மாடில, மணல் மூட்டைக்கு முன்னாடி அட்டை ஒட்டி, பேரப் பசங்களுக்கு ஆளுக்கு அஞ்சு குண்டு.

"எடுத்துட்டுப் போடா, இல்லேன்னா இரும்புக் கடைல போட்டுடுவேன்"னு பெரியம்மா சொல்லிட்டாங்க. எடுத்துட்டு வந்து பத்து மீட்டர்ல சுட்டுப் பார்த்தா அஞ்சு குண்டு அஞ்சு திசைல போகுது. நாலு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரவல். பெரியப்பா இதே துப்பாக்கில ஒரு ரூபாய் நாணயத்தை அடிச்சுக் காட்டினவர். விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். "பேரல் தேஞ்சு போச்சு தம்பி, தூக்கிப் போடு"ன்னு ரெண்டு பேரும் ஒரே தீர்ப்பு. எனக்கு மட்டும் மனசு கேட்கலை. ஒருவேளை குண்டுதான் தப்போன்னு நோண்ட ஆரம்பிச்சேன். அந்த நோண்டல் என்னை நேரா கொண்டுபோய் விட்ட இடம் கடலூர் தேவனாம்பட்டினம், வருஷம் 1751.

மெரினாவுலயோ எலியட்ஸ் பீச்லயோ பலூன் சுட்டிருக்கீங்களா? அந்தத் துப்பாக்கியும் இதே ஜாதிதான். பேரலை மடக்கினா உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினா ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காத்தை நசுக்கும், காத்து குண்டைத் தள்ளும். சைக்கிள் பம்பு மாதிரிதான். வெடிமருந்தும் கிடையாது, சிலிண்டரும் கிடையாது. குண்டு அரை கிராம் ஈயம். கையில எடுத்துப் பாருங்க, நம்ம ஊர் உடுக்கை மாதிரியே இருக்கும். முன்னாடி கனமான தலை, நடுவுல ஒடுங்கின இடுப்பு, பின்னாடி உள்ளே குழிவான மெல்லிசுப் பாவாடை. இந்த உருவத்துக்கு 'டயபோலோ'ன்னு பேரு. 1900களோட ஆரம்பத்துல ஐரோப்பாவுல எல்லாரும் பைத்தியமா விளையாடின கயித்துப் பம்பரத்தோட பேர் அது. கிட்டத்தட்ட அதே சமயம், 1905 வாக்கில, லிங்கன் ஜெஃப்ரீஸ் வடிவமைச்ச ஏர் ரைஃபிளை பர்மிங்ஹாம்ல பிஎஸ்ஏ கம்பெனி செய்ய ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி உருண்டைக் குண்டு, வால் வச்ச ஊசின்னு என்னென்னவோ போட்டுச் சுட்டிருக்காங்க.

சரி, குண்டு ஏன் உடுக்கை மாதிரி இருக்கணும்? இங்கதான் நம்ம ஹீரோ வர்றார்.

பெஞ்சமின் ராபின்ஸ். 1707ல இங்கிலாந்தோட பாத் நகரத்துல பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1742ல பீரங்கி அறிவியல் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுவரைக்கும் குண்டு பரவளையத்துல போகும், காத்து பெரிசா ஒண்ணும் பண்ணாதுன்னுதான் பெரும்பாலான பண்டிதர்களோட நினைப்பு. இவர் என்ன பண்ணினார்னா, ஒரு கனமான ஊசலைத் தொங்க விட்டு அது மேல துப்பாக்கியால சுட்டார். ஊசல் எவ்வளவு பின்னாடி போச்சுன்னு ஒரு ரிப்பனை வச்சு அளந்தார். அதுலேர்ந்து குண்டோட வேகத்தைக் கணக்குப் போட்டுட்டார். பள்ளிக்கூட இயற்பியல்ல நாம மனப்பாடம் பண்ணித் துப்பின உந்தம் அழியா விதிதான். அதை வச்சு ஒரு மனுஷன் நொடிக்கு 1600 அடிக்கும் மேல போற குண்டை 1742ல அளந்திருக்கான்! இப்ப என்கிட்ட இருக்கிற எலக்ட்ரானிக் வேகமானி பேட்டரி போனா அம்பேல்.

அளந்து பார்த்ததுல ஆடிப்போனார். முக்கால் அங்குல ஈயக் குண்டு அந்த வேகத்துல கிளம்பும்போது, காத்து அதைத் தடுக்கிற விசை குண்டோட எடையைப் போல 120 மடங்கு. 24 பவுண்டு பீரங்கிக் குண்டு பரவளையக் கணக்குப்படி 16 மைல் போகணும், நிஜத்துல மூணு மைலைத் தாண்டலை. ஆயிலர் இருக்காரே, கணிதத்துல எங்கே திரும்பினாலும் நிக்கிற அதே ஆயிலர், இந்தப் புத்தகத்தை 1745ல ஜெர்மன்ல மொழிபெயர்த்து, மூலத்தை விடப் பெரிசா விளக்கவுரை சேர்த்தார். நம்ம ஊர் உரையாசிரியர்கள் மாதிரியேதான் :-) 1746ல ராயல் சொசைட்டி ராபின்ஸுக்கு காப்லி பதக்கம் கொடுத்துது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு இருக்கு. ஒரு துப்பாக்கிக் குழலோட முனையை இடது பக்கமா வளைச்சார். எதிர்ல வரிசையா மெல்லிசுக் காகிதத் திரைங்க. எல்லாரும் குண்டு இடது பக்கமே போகும்னு நினைப்போம். ராபின்ஸ் முன்கூட்டியே சொன்னது வேற: 'முதல்ல இடது போகும், அப்புறம் வளைஞ்சு வலது பக்கம் வரும்'. காரணம், குண்டு குழலோட வலது சுவர்ல உரசிட்டு வர்றதால சுழல ஆரம்பிக்கும், சுழல்ற குண்டைக் காத்து பக்கவாட்டுல தள்ளும். சுட்டார். காகித ஓட்டைங்க அப்படியே சொன்ன மாதிரி வளைஞ்சு இருந்துச்சு. சேப்பாக்கத்துல ஸ்பின்னர் போடுற பந்து காத்துல 'டிரிஃப்ட்' ஆகுதே, அதே சங்கதி. நூறு வருஷம் கழிச்சு 1852ல மேக்னஸ்ங்கிற ஜெர்மன்காரர் ஆராய்ச்சி பண்ணினதால அவர் பேர்ல 'மேக்னஸ் விளைவு'ன்னு ஆயிடுச்சு. உழைச்சவன் ஒருத்தன், பேர் வாங்கறவன் ஒருத்தன். ஐடில இருக்கிறவங்களுக்கு விளக்கணுமா என்ன?

இதுலேர்ந்து ராபின்ஸ் எடுத்த முடிவு: குண்டு இஷ்டத்துக்குச் சுழலக் கூடாது, நாம சொல்ற அச்சுல சுழலணும். அதுக்குக் குழலுக்குள்ள மரை வெட்டணும். குண்டு அந்த மரைல இறுக்கமா உட்காரணும். 1747ல இதை ராயல் சொசைட்டில படிச்சார். குண்டு உருண்டையா இல்லாம முட்டை வடிவமா, கனமான பக்கம் முன்னாடி இருந்தா இன்னும் நல்லா இருக்கும்னும் சொன்னார். கனம் முன்னாடி, லேசு பின்னாடி. என் டப்பால இருக்கிற உடுக்கைக் குண்டும் அதே கொள்கைதான்!

இவ்வளவு பெரிய ஆளு கடைசில எங்கே வந்தார்? நம்ம ஊருக்கு. 1746ல சென்னைக் கோட்டையை பிரெஞ்சுக்காரன் பிடிச்சுட்டான். கிழக்கிந்தியக் கம்பெனி தலைமையிடத்தைத் தூக்கிட்டு கடலூர் பக்கத்துல இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடுச்சு. 1749ல சென்னை திரும்பக் கிடைச்சதும், கோட்டைங்களை ஒழுங்கா கட்ட ஒரு ஆள் வேணும்னு ராபின்ஸை தலைமைப் பொறியாளரா வேலைக்கு எடுத்தாங்க. அந்த வருஷக் கடைசில கப்பல் ஏறி, 1750 ஜூலைல வந்து இறங்கினார். சென்னைக்கும் கடலூருக்கும் திட்டம் போட்டார். ஒரு வருஷம்தான். 1751 ஜூலை 29, காய்ச்சல்ல செயின்ட் டேவிட் கோட்டைலயே போயிட்டார். வயசு 44. 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளிட்டான். அடுத்த பிப்ரவரி, 1759ல, சென்னையை லாலி முற்றுகை போட்டப்ப பரங்கிமலைல பெரிய சண்டை. மருதநாயகம் யூசுப் கான் கம்பெனிப் பக்கம் நின்னு சண்டை போட்டது அங்கதான். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது மொபைலை நோண்டிட்டு இருக்கோம்.

மரைக் கதை முடிஞ்சுது. பாவாடைக் கதை பாக்கி. அது இன்னும் சுவாரசியம்.

மரைல குண்டு இறுக்கமா உட்காரணும்னா, முன்பக்கமா போட்டு இடிக்கிற பழைய துப்பாக்கில சுத்தியலால அடிச்சு இறக்கணும். போர்க்களத்துல நடக்கிற காரியமா? குண்டு உள்ளே போகும்போது லூசா இருக்கணும், வெளியே வரும்போது டைட்டா இருக்கணும். இதுக்கு விடை தென்னிந்தியாவுல இருந்துச்சு. 34வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் இங்க இருந்தப்ப, நம்ம ஆளுங்க ஊதுகுழல்ல அம்பு ஊதறதைப் பார்த்திருக்கார். அம்போட பின்பக்கம் தாமரைத் தண்டோட மெத்துனு இருக்கிற சோறு. ஊதினதும் அது விரிஞ்சு குழலோட சுவரை அடைச்சுக்கும், காத்து பக்கத்துல கசியாது. மொத்தக் காத்தும் அம்பைத்தான் தள்ளும். இதைப் பார்த்துட்டு 1823ல பின்பக்கம் குழிவான ஒரு ஈயக் குண்டை நார்ட்டன் வடிவமைச்சார். பிரிட்டிஷ் ராணுவம் வேண்டாம்னுடுச்சு. 1849ல மினியேங்கிற பிரெஞ்சு அதிகாரி அதே மாதிரி குழிவுக் குண்டைக் கொண்டு வந்ததும் உலகமே கொண்டாடுச்சு. கிரிமியப் போர், அமெரிக்க உள்நாட்டுப் போர் எல்லாத்துலயும் லட்சக்கணக்குல அதுதான். மறுபடியும் பேர் வேற ஆளுக்கு.

இந்த ஊதுகுழல் கற்பனைச் சரக்கு இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைல இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924ல தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் பத்தி ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கார். வளரி பத்தி நம்ம ஆளுங்க பக்கம் பக்கமா எழுதியாச்சு. ஊதுகுழலைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலை. ஏர் ரைஃபிள்னு நாம பெருமையா சொல்றது வேற என்னங்க? வாய்க்குப் பதிலா ஸ்பிரிங் ஊதற ஊதுகுழல்தானே.

இவ்வளவும் தெரிஞ்சதுக்கப்புறம் என் டப்பாவைத் திறந்து பார்த்தேன். சந்தேகம் அங்கேயே தீர்ந்துபோச்சு. பாதிக் குண்டுக்குப் பாவாடை நசுங்கியிருக்கு. நசுங்கின பாவாடை காத்தை அடைக்காது. சாய்வா வேற கிளம்பும். ஒரு கண்ணாடித் துண்டுல ஒவ்வொண்ணா உருட்டினேன். தலை சின்னது, பாவாடை பெரிசுங்கறதால நல்ல குண்டு ஒரு வட்டமா உருளும், எல்லாம் ஒரே வளைவுல போகணும். என்னுதுல சிலது நேரா போச்சு, சிலது நொண்டிச்சு. நண்பனோட மாமா தாம்பரத்துல நகைப் பட்டறை வச்சிருக்கார். அவர் தராசுல நிறுத்தா ஒண்ணு 0.47 கிராம், இன்னொண்ணு 0.56. "தங்கமா இருந்தா உன்னை ஜெயில்ல போட்டிருப்பேன்"னார்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இந்த வித்தியாசம் தாங்காது. குண்டு ரொம்ப லேசா இருந்தா காத்து சட்டுனு தப்பிச்சுடும், பிஸ்டன் போய் டமால்னு முட்டும். ரொம்பக் கனமா இருந்தா குண்டு நகரத் தாமதமாகி பிஸ்டன் பின்னாடி துள்ளும். குண்டு குழலை விட்டுப் போறதுக்குள்ள துப்பாக்கி முன்னாடியும் பின்னாடியும் ஆடிடுது. ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு கனம்னா ஆட்டமும் ஒவ்வொரு மாதிரி. அதனாலதான் இதை இறுக்கிப் பிடிக்காம, பீரங்கி தன்னால பின்வாங்கற மாதிரி லேசா தாங்கணும்னு சொல்லுவாங்க.

ஒரே 4.5 மில்லிமீட்டர் குண்டுலயே தலை அளவு 4.50, 4.51, 4.52ன்னு தனித்தனியா டப்பா உண்டு. மூணு வகை, எல்லாம் எட்டு கிரெய்ன் பக்கம் (அரை கிராம் சொச்சம்), தட்டைத் தலை. பத்து மீட்டருக்குத் தட்டைத் தலை போதும், அட்டைல வட்டமா ஓட்டை போடும். தூரமா சுடறவங்களுக்குத்தான் உருண்டைத் தலை. ஒவ்வொரு வகைக்கும் முதல் இருபது குண்டை கணக்குல சேர்க்கலை, பேரல் புது ஈயத்துக்குப் பழகணும். அப்புறம் அஞ்சு அஞ்சா மூணு அட்டை. 4.50 ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல பரவுச்சு. 4.51 கொஞ்சம் பரவாயில்லை. 4.52 போட்டப்ப மூணு அட்டைலயும் ஓட்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஒரு சென்டிமீட்டர் சொச்சம்!

பேரல் தேஞ்சு லேசா அகலமாயிருக்கலாம், அதனால பெரிய தலை பிடிச்சிருக்கலாம். இது என் துப்பாக்கிக்கு மட்டும்தான். உங்க துப்பாக்கிக்கு எதுன்னு அதுகிட்டயேதான் கேட்கணும். விலை ஜாஸ்தி டப்பாதான் நல்லதுன்னும் இல்லை.

கடலூர்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2019ல ரியோ உலகக் கோப்பைல பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்ல தங்கம் வாங்கின இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர்லதான். ராபின்ஸ் செத்த ஊர்ல பிறந்து, மரைக் குழல்ல சுட்டுத் தங்கம் வாங்கியிருக்கு பொண்ணு. அவங்க சுடற அட்டைல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். என் ஒரு சென்டிமீட்டரை வச்சுக்கிட்டு நான் ஆடற ஆட்டம், ஹி ஹி.

போன ஞாயித்துக்கிழமை அந்த அட்டையைப் பெரியம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "உங்க பெரியப்பா இதை விட நல்லா சுடுவார்டா"ன்னாங்க. அட்டையைத் திருப்பிக் கொடுக்கலை.

டிஸ்கி: 4.5 மில்லிமீட்டருக்கு மேலயோ 20 ஜூலுக்கு மேலயோ இருந்தா 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேணும். மணல் மூட்டை இல்லாம சுடாதீங்க, ஈயத்தைத் தொட்டா கையைக் கழுவுங்க. காக்கா, கிளி பக்கம் திருப்புறவங்க வேடந்தாங்கல் ஜனங்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. தங்க ஏரிப் பறவைங்களைச் சுடக் கூடாதுன்னு 1798லயே கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட எழுதி வாங்கினவங்க.