வேகத்துக்கு என்ன விலை?

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு விசித்திரமான உத்தியோகம் உண்டு. ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட மைதானங்களின் ஓரத்தில் உட்கார்ந்து, பந்து வீசும் பையன்களைப் பார்ப்பதுதான் வேலை. பார்ப்பது இன்றைய பையனை. சொல்ல வேண்டியதோ, ஐந்து வருஷம் கழித்து அவன் என்ன ஆவான் என்பதை. மாட்டுச் சந்தைத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசைச் சொல்லிவிடுவார். சுழியைப் பார்த்து ராசியையும் சொல்லிவிடுவார். மனிதப் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கையைப் பார்த்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், எவ்வளவு தெரியாமல் போகும் என்பதற்கு ஸ்டீவ் டால்கௌஸ்கியின் சரித்திரத்தைவிட நல்ல பாடம் வேறில்லை.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீச்சாளர் நிற்கும் இடத்திலிருந்து 60 அடி 6 அங்குலத்தில் ஒரு தட்டு. அதன் அகலம் 17 அங்குலம். பந்து அதற்கு மேலாக, மட்டைக்காரனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே போக வேண்டும். அப்படிப்பட்ட மூன்று பந்துகளை அவன் கோட்டைவிட்டால் ஆட்டம் இழந்தான். அது ஸ்டிரைக் அவுட். நாலு பந்து குறி தவறினால் முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போவான்; அது வாக். முன்னது வரவு, பின்னது செலவு. வீச்சாளரின் கணக்குப் புஸ்தகம் அவ்வளவுதான்.

டால்கௌஸ்கி 1939இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில் பிறந்தவர். இடதுகைக்காரர். கண்ணில் தடித்த கண்ணாடி. ஆள் ஒன்றும் ராட்சசன் அல்ல. 1957இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பெரிய அணிகள் புதுப் பையன்களை நேரே களத்தில் நடுவதில்லை. சிற்றூர்களில் நாற்றங்கால் போல வைத்திருக்கும் மைனர் லீக் அணிகளுக்கு அனுப்புவார்கள். டால்கௌஸ்கி போன இடம் டென்னஸியில் கிங்ஸ்போர்ட், ஏணியில் அடிப்படி.

அங்கே 62 இன்னிங்ஸ் வீசினார். எதிரிகள் அடித்த நல்ல அடிகள் வெறும் 22. ஸ்டிரைக் அவுட் 121. அடேயப்பா என்கிறோம். உடனே அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டும்: வாக் 129. பந்து பிடிக்கிறவனுக்கும் எட்டாமல் ஓடிப்போன வீச்சு 39. ஜயித்த ஆட்டம் 1, தோற்றது 8. ஒரு நாள் 24 பேரை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார். அதே ஆட்டத்தில் 18 பேரை நடக்கவிட்டுத் தோற்றும் போனார்.

இந்தப் பையனை என்னவென்று எழுதுவது? பார்த்தவர்கள் எல்லோரும் வேகத்தையே எழுதினார்கள். மணிக்கு 100 மைலுக்கு மேல் என்று சத்தியம் செய்தவர்கள் பலர். சந்தேகம் தீர்க்க 1958இல் ராணுவத்தின் அபர்டீன் பரிசோதனைத் தளத்துக்கு அழைத்துப் போனார்கள். முதல் நாள்தான் ஓர் ஆட்டம் ஆடிய கை. நிற்க வழக்கமான மேடும் இல்லை. கருவியின் வழியாக ஒரு பந்தைச் செலுத்துவதற்கே முக்கால் மணி நேரம் போல ஆயிற்று. கிடைத்த அளவு 93.5 மைல். அளக்க வேண்டியது எது என்பதைக் கருவியே சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வேகம் அந்த 93.5 அல்ல, விஷயம் அந்த முக்கால் மணி நேரம்.

ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது. கிட்ட நின்று வீசச் சொன்னார்கள். இரு பக்கமும் மட்டைக்காரர்களை நிறுத்தி நடுவே வீசச் சொன்னார்கள். 1960இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸ் ஆடினார். ஸ்டிரைக் அவுட் 262, வாக்கும் 262. எந்தக் கணக்குப்பிள்ளையும் இவ்வளவு அழகாக ஐந்தொகை போட்டதில்லை. மிச்சம் பூஜ்யம்.

1962இல் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் எர்ல் வீவர் என்ற நிர்வாகியிடம் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர் வீவர். அவர் புது வித்தை எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, இருந்ததைக் குறைத்தார். இரண்டே வகைப் பந்து போதும், முழுப் பலத்தையும் போடாதே, தட்டின் நடுவைப் பார்த்து வீசு என்றார். அந்த வருஷம் 160 இன்னிங்ஸில் ஸ்டிரைக் அவுட் 192, வாக் 114. ஐந்து வருஷம் எல்லோரும் கையை மதிப்பிட்டார்கள்; இவர் ஒருவர்தான் அந்தக் கைக்குச் சொந்தக்காரனால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்தார்.

1963 மார்ச். பெரிய அணியில் இடம் கிடைக்கும் என்ற நிலை. யாங்கீஸ் அணியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்கையில் ஏதோ தெறித்தது. அதன் பிறகு அந்த வேகம் திரும்பவில்லை. வீச்சாளர்களின் முழங்கைத் தசைநாரை மாற்றிவைக்கும் அறுவைச் சிகிச்சை முதன்முதலில் நடந்தது 1974இல். டால்கௌஸ்கி 1965க்குப் பிறகு ஆடவில்லை. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே முடிந்தது.

பிறகு கலிபோர்னியாவில் கூலிக்குப் பயிர் அறுவடை, கூடவே குடி. குடி புதிதாக வந்ததல்ல. ஆடிய நாளிலேயே இருந்தது. ஆனால் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு பத்தி இல்லை. ஓரியோல்ஸின் மைனர் அணிகளில் ஆடிய ரான் ஷெல்டன் அவரைப் பற்றிக் கேட்ட கதைகளிலிருந்து ஒரு பாத்திரம் செய்து, 1988இல் 'புல் டர்ஹாம்' என்ற படத்தில் வைத்தார். சினிமாவில் அந்தப் பையன் பெரிய அணிக்குப் போய்விடுகிறான்.

நிஜத்தில் வந்த டால்கௌஸ்கியை, 1990களில் உறவினர்கள் பிறந்த ஊருக்கே திரும்ப அழைத்து வந்தார்கள். ஞாபகம் தடுமாறிய நிலையில் பராமரிப்பு இல்லத்தில் பல வருஷம் இருந்தார். 2020 ஏப்ரலில், தமது 80வது வயதில், கொரோனா அவரையும் கொண்டுபோயிற்று.

இப்போது ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் கருவிகள் அங்கேயே சொல்லிவிடுகின்றன. ஆள் தேடுகிறவர்கள் 20 முதல் 80 வரை மார்க் போடுகிறார்கள். வேகத்துக்கு ஒன்று, குறிக்கு ஒன்று. டால்கௌஸ்கியின் வேகத்துக்கு 80 போட்டவர்கள் யாரும் தப்பாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பையன் ராத்திரியில் எங்கே போகிறான், யார் சொன்னால் கேட்பான் என்று விசாரித்து எழுத இன்னும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. 1957இலேயே அப்படி ஒருவர் கிங்ஸ்போர்ட்டில் இருந்திருந்தால், எல்மைராவுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்காது.