வீடும் வரியும்: கலிஃபோர்னியா கண்ட வழக்கமும் சட்டமும்

குடியிருக்கும் வீடு வருவாய் ஈட்டித் தருவதில்லை. ஆயினும் நிலத்தின் விலை ஏறுந்தோறும் அதன் மீதான வரியும் ஏறுகிறது. உரியவரின் வருமானமோ நின்ற இடத்திலேயே நின்றுவிடக்கூடும். இவ்விடரிலிருந்து வீட்டுடைமையாளரைக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலந்தோறும் விடை வேறுபடும். அவற்றுள் கலிஃபோர்னியாவின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. அங்கு வரிச் சலுகை முதலில் எழுதப்படாத வழக்கமாக இருந்தது; பின்னரே சட்டமாயிற்று. அவ்விரு நிலைகளையும் ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பகுதியாகும். சொத்தின் மதிப்பை வரையறுக்கும் மதிப்பீட்டாளர் அங்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாளர். திரளும் வரி பள்ளிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கவுண்டிப் பணிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

வாக்காளரின் ஆதரவை வேண்டிநின்ற மதிப்பீட்டாளர் பலர், வீடுகளைச் சந்தை விலையின் சிறு பங்காகவும், வணிகச் சொத்துகளை அதனினும் உயர்ந்த பங்காகவும் மதிப்பிட்டு வந்தனர். சட்டத்தில் இடம்பெறாத இவ்வழக்கம் எளிய குடும்பங்களுக்கு நிழலாயிற்று. அதே அதிகாரம் கையூட்டுக்கும் வாயில் திறந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டாளர் ரசல் வோல்டன் வணிக நிறுவனங்களுக்குச் சாதகமாக மதிப்பிட்டுக் கையூட்டுப் பெற்றது 1965இல் வெளிப்பட்டது; அவர் தண்டனையும் பெற்றார். 1966இல் மாநிலச் சட்டமன்றம், எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்பின் 25 விழுக்காட்டில் ஒரே சீராக மதிப்பிட வேண்டுமெனச் சட்டம் இயற்றியது.

நேர்மையை நாடிய இச்சீர்திருத்தத்தால் சுமை இடம் மாறியது. பல நகரங்களில் வணிகச் சொத்தின் வரி குறைய, வீட்டின் வரி உயர்ந்தது. இழந்த நிழலுக்கு ஈடாக 1968இல் குடியிருப்போர் விலக்கு வாக்கெடுப்பின்வழி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. இன்று அவ்விலக்கு, உரிமையாளர் தாமே வாழும் வீட்டின் மதிப்பில் 7,000 டாலரைக் கழிக்கிறது. ஆண்டுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 70 டாலர். 1970களில் வீட்டு விலைகள் பாய்ந்தேறியபோது இத்தகைய விலக்கு போதவில்லை.

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகியோர் முன்னெடுத்த 13ஆம் முன்மொழிவை 1978 ஜூன் 6 அன்று வாக்காளருள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர். அதன்படி பொது வரிவிகிதம் மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திருப்பப்பட்டு, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரலாகாது. சொத்து கைமாறும்போதோ புதிதாகக் கட்டப்படும்போதோதான் அன்றைய விலைக்கு மதிப்பிடப்படும். முதியோர் பலர் தம் வீட்டிலேயே நிலைத்தனர். உள்ளாட்சிகளின் சொத்துவரி வருவாயோ பாதிக்கும் கீழே சரிந்தது. நிதிக்கு அவை மாநில அரசை எதிர்நோக்கின. வணிகச் சொத்துகளும் அதே பாதுகாப்பைப் பெற்றன என்பதையும் மறத்தலாகாது.

அண்டை வீட்டாரிடையே புதிய வேற்றுமையும் முளைத்தது. லாஸ் ஏஞ்சலீஸ் கவுண்டியில் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒருவர்க்கு ஆண்டு வரி 1,701 டாலர். அதே குடியிருப்புப் பகுதியில் அதே அளவுள்ள பழைய உரிமையாளரின் வீட்டுக்கு 358 டாலர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்றது. 1992இல் எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லுமென்றனர். ஜான் பால் ஸ்டீவன்ஸ் ஒருவரே மாறுபட்டார். குடியிருப்புகள் நிலைபெறுவதை அரசு விரும்பலாம் என்பது பெரும்பான்மையோர் கூறிய காரணங்களுள் ஒன்று.

1986இல் இச்சலுகை பெற்றோரிடமிருந்து மக்களுக்கும் தொடர வழி செய்யப்பட்டது. மரபுரிமையாகப் பெற்ற வீட்டை வாடகைக்கு விட்டோரும் பழைய வரியையே செலுத்தினர். 2020இல் ஏற்கப்பட்ட 19ஆம் முன்மொழிவு, 2021 பிப்ரவரி முதல் அவ்வுரிமையை, வாரிசு தாமே குடியிருக்கும் வீட்டுக்கென வரம்புடன் சுருக்கியது.

மதிப்பீட்டாளரின் மறைவான தயவை அகற்றிய சட்டம், வாங்கிய ஆண்டின் பெயரால் வெளிப்படையான தயவொன்றை நிறுவியது. முன்னதை எவரும் வாக்களித்து அமைக்கவில்லை. பின்னதை மக்களே அமைத்தனர், 2020இல் மக்களே திருத்தவும் செய்தனர். சலுகையின் சுமையைத் தாங்குவோர் பிற்காலத்தில் வீடு தேடி வருவோர் ஆவர். 1978இல் அவர்களுட் பலர்க்கு வாக்கில்லை. வரிவிலக்கை ஆராய்வோர் அதைப் பெறுவோரோடு இவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டுமென்பதே நாம் இவ்வரலாற்றிலிருந்து பெறும் தெளிவு.