மணல் வீடும் தீப்பெட்டி ரயிலும்

குழந்தை மணல் வீடு கட்டுவதும், அதை வேறொருவர் காலால் உதைத்துச் சிதைப்பதும், சிதைத்தவர் மீது அக்குழந்தை கொள்ளும் கோபமும் தமிழ்ப் புலவர்கள் மிகப் பழங்காலந்தொட்டே உற்றுக் கவனித்து வந்த விஷயங்கள் என்பதை, இன்று விளையாட்டுச் சாமான் கடையில் எதை வாங்குவதென்று திகைத்து நிற்கும் பெற்றோரில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. கலித்தொகையில் கபிலர் பாடியதாக வழங்கும் குறிஞ்சிக் கலியில் ஒரு பெண், தானும் தோழியும் சிறுமிகளாய்த் தெருவில் கட்டிய மணல் வீட்டைக் கலைத்து, சூடிய மாலையை அறுத்து, பந்தையும் பறித்துக்கொண்டு ஓடிய பையனை, வளர்ந்த பின்னும் மறவாமல் அத்தோழியிடம் எடுத்துச் சொல்லுகிறாள். ஆண்டாள் தன் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையுமே கண்ணனிடம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று மன்றாடுவதற்கு ஒதுக்கினாள். பிள்ளைத்தமிழ் நூல்களோ, ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் ஒன்றாகவே சிற்றிற் பருவத்தை வகுத்து, பாட்டுடைத் தலைவன் முருகப்பெருமானேயாயினும் அவனைத் தடுத்து நிறுத்தும் உரிமையைச் சிறுமியர்க்கு அளித்தன. இறைவனே விளையாட வந்தபோதும் புலவர்கள் கட்டுகிற குழந்தையின் நாவாகவே பேசினார்கள் என்பது நம் மரபின் பெருமைகளுள் ஒன்றென்று நான் கருதுகிறேன்.

இவ்விளையாட்டுக்கு இயல்பான களம் நெய்தல் நிலம். குறுந்தொகையிலும் கடலாடும் மகளிர் கானலில் சிறுவீடு இழைக்கிறார்கள். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையில் நீளும் நம் வடசென்னைக் கரையும் அப்படிப்பட்ட களமாகவே இருந்தது. திருவொற்றியூரில் பட்டினத்தடிகள் சமாதி கொண்ட வரலாற்றைச் சொல்லும் கர்ணபரம்பரைக் கதையும் ஒரு குழந்தை விளையாட்டுத்தான்: கடற்கரையில் சிறுவர்களோடு கூடி விளையாடிய அத்துறவி, தம்மை மூடச் சொல்லி மறைவதும் வேறோரிடத்தில் தோன்றுவதுமாக அவர்களை மகிழ்வித்து, கடைசி முறை மூடியபோது வெளிவராமல் இலிங்க வடிவமானார் என்பர். கடலோரத்திலுள்ள அவருடைய சமாதிக் கோயிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. செல்வத்தையெல்லாம் துறந்த ஞானி தம் கடைசித் தோழர்களாக மணலில் விளையாடும் பிள்ளைகளைத் தேர்ந்துகொண்டார் என்று இந்த ஊர் நம்பி வந்திருக்கிறது.

அந்த மணலுக்கு ஆபத்து தெற்கிலிருந்து வந்தது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் சரக்கும் மனிதரும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்த நிலைமையை மாற்றுவதற்காகச் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தீர்மானித்து, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1881-இல் வீசிய பெரும்புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சின்னாபின்னமாக்கியது, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிச் செல்லுகின்றன; வடகிழக்குப் பருவ காலத்தில் சில மாதங்கள் அந்த ஓட்டம் திரும்பினாலும் மொத்தத்தில் வடக்கு நோக்கிய நகர்ச்சியே மிகுதி. கடலுக்குள் நீண்ட சுவர்கள் அந்த நகர்ச்சியைத் தடுத்தவுடன், துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்று வளர்ந்தது. வடக்கே, வந்து சேர வேண்டிய மணல் வராமற்போகவே, கடல் இராயபுரத்தையும் அதற்கப்பாலுள்ள குப்பங்களையும் சிறிது சிறிதாக அரித்துத் தின்னத் தொடங்கிற்று. வீடுகள் போயின, தெருக்கள் போயின, எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். துறைமுகத்தின் நன்மை தீமைகளைப் பேசுகிறவர்கள் சரக்கின் எடையையும் வருமானத்தையும் கணக்கிடுவது முறையே. ஆனால் மீனவர் குழந்தைகள் வீடு கட்டி விளையாட வந்து சேர வேண்டிய மணல், அவர்கள் கண் காணாத வேறொரு பேட்டையின் கரையிலேயே தங்கி, மாலை வேளைகளில் அங்கே உலாவ வருபவரின் குழந்தைகளுக்கு ஆயிற்று என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக இடம்பெற வேண்டியதே. இந்த நூற்றாண்டில் கல்லால் அமைத்த குறுக்குச் சுவர்களின் இடையே, தூண்டில் வளைவு என்று மீனவர் அழைக்கும் அவற்றின் காப்பில், சிற்சில இடங்களில் மட்டும் மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது.

மணல் குறைந்துபோன இந்தப் பிரதேசத்தில் தொழிற்சாலைகள் பெருகின. 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதிலிருந்தே இப்பகுதி யந்திரங்களின் ஓசைக்குப் பழகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு முதலாளிகளின் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை திருவொற்றியூரில் நிலைகொண்டு, ஒரு ரயில் நிலையத்துக்கே விம்கோ நகர் என்ற பெயரைக் கொடுத்தது. சுதந்திரம் கிடைத்த பின் எண்ணூரில் மோட்டார் வண்டிகளும், 1955 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாயின. இவற்றுள் குழந்தைகளின் விளையாட்டுக்கு, தான் அறியாமலே, மிகப் பெரிய உபகாரம் செய்தது தீப்பெட்டிதான் என்று நான் துணிந்து சொல்லுவேன்.

மெல்லிய மரச்சில்லை மடித்து நீலக் காகிதம் ஒட்டிய அந்தக் காலத்துக் காலிப் பெட்டியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். உள்ளே ஒரு தட்டு, வெளியே ஓர் உறை, ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் அமைப்பு. ஒரே மார்க்குப் பெட்டிகளெல்லாம் ஒரே அளவு. ஜெர்மனியில் 1837-இல் குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், எட்டுச் சிறு கனச்சதுரங்களாகப் பிரியும் மரக் கட்டியைக் குழந்தைகளின் கையில் கொடுத்தபோது எந்தத் தத்துவத்தை நாடினாரோ, 1958-இல் டென்மார்க்கில் லெகோ கம்பெனியார் ஒன்றோடொன்று பொருந்தும் கட்டிகளுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தபோது எதைச் சாதித்தார்களோ, அந்த ஒரே அளவு என்னும் குணமும் சேர்த்தால் சேர்ந்து பிரித்தால் பிரியும் குணமும் அடுப்பங்கரையில் எறியப்பட்ட இந்தப் பெட்டியில் இலவசமாகவே அமைந்திருந்தன. வீட்டுக்கு வீடு குழந்தைகள் அவற்றைச் சேமித்தார்கள். நூலில் கோத்தால் ரயில். அடுக்கினால் மாடி வீடு. இரண்டு தட்டுகளை நீண்ட நூலால் இணைத்து இழுத்துப் பிடித்தால் டெலிபோன். ஆறு பெட்டிகளை ஒட்டினால் பொம்மைக்கு இழுப்பறை வைத்த பீரோ. மேலே ஒட்டியிருந்த படத்தைக் கிழித்துச் சேர்ப்பவர்களும் உண்டு; அது வேறு விநோதம். கட்டிய ரயில் அறுந்தால் அழ வேண்டியதில்லை, மறுநாள் இன்னொரு பெட்டி காலியாகிவிடும். இந்த அலட்சியமான செழிப்பை விலை கொடுத்து வாங்கிய பொம்மை தருவதில்லை. பனங்காய் மலிந்த பருவத்தில் நுங்கு தின்ற கூடுகளில் குச்சி செருகி வண்டி ஓட்டியதும், தேய்ந்த ரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரம் செய்ததும், கட்டுமரத்தைப் பார்த்துச் சிறு கட்டுமரம் பிணைத்ததும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

திருவொற்றியூரில் தொழிற்சாலையிலேயே பிறந்த விளையாட்டுச் சாமானும் ஒன்று உண்டு. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் ரப்பர்ப் பாலைக் கொண்டு குழந்தைகளுக்கான பலூன்கள் செய்யத் தொடங்கினார். 1952-இல் டயர்களுக்கு மறுபூச்சிடும் ரப்பரில் இறங்கி, பின்னர் டயரே செய்து, எம்.ஆர்.எஃப். என்ற பெரும் ஸ்தாபனமாக அது வளர்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் அதே ஸ்தாபனம் ஃபன்ஸ்கூல் என்ற பெயரில் பொம்மைத் தொழிலுக்குத் திரும்பிற்று. அது அடுக்கு வளையங்களையும் புதிர்களையும் கட்டும் கட்டிகளையும் விற்றது. அமெரிக்க உரிமம் பெற்று ஜி.ஐ. ஜோ என்னும் ஆயுதந்தாங்கிய போர்வீரர் பொம்மைகளையும் விற்றது. பலூன் விற்பவனைக் கண்டால் தெருக் குழந்தைகளெல்லாம் ஓடி வந்த ஊரில் தோன்றிய தொழில், துப்பாக்கி பிடித்த வீரனிடம் சென்று சேர்ந்ததை எண்ணி நான் வருந்துகிறேன். அவ்வீரனைக் கொண்டு குழந்தை செய்யக்கூடியது அவனோடு கூடவே தீர்மானிக்கப்பட்டு வருகிறது.

குழந்தை தானே கட்டும் சாமானுக்கும் எல்லாம் முன்பே தீர்மானித்து வரும் பொம்மைக்கும் உள்ள இந்த வேற்றுமையை ஆழ்ந்து ஆராய்ந்த ஒரு பேரறிவாட்டி இதே சென்னை நகரத்தில் வாழ்ந்திருக்கிறார். இத்தாலியக் கல்வி அறிஞரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில், அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அருண்டேல் தம்பதியரின் அழைப்பின் பேரில், அச்சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். முசோலினியின் இத்தாலியிலும் ஹிட்லரின் ஜெர்மனியிலும் அவர் முறையிலான பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. கல்வியின் வழியாகவே சமாதானம் நிலைபெறும் என்று 1932-இலேயே ஜெனீவாவில் பேசியவர் அவர். ஆயினும் 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைப் பகை நாட்டுப் பிரஜையாகப் பாவித்து, அவருடைய மகனைக் காவலில் வைத்து, அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளன்று விடுவித்தது. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையுள்ள பத்துக் கனச்சதுரங்களாலான இளஞ்சிவப்புக் கோபுரம் அவர் வகுத்த சாதனங்களில் பிரசித்தமானது. வரிசை தவறினால் குழந்தையின் கண்ணுக்கே பிழை புலப்பட்டுவிடும். யாரும் அதட்ட வேண்டியதில்லை, யாரையும் தோற்கடிக்க வேண்டியதுமில்லை.

கட்டும் விளையாட்டுக்குள்ளும் வன்முறை புகுந்துவிடக்கூடும் என்பதற்கு வடசென்னையின் காத்தாடியே உதாரணம். காகிதத்தையும் குச்சியையும் அளந்து ஒட்டி, சூத்திரம் கட்டி, காற்றை அறிந்து ஏற்றுவது பத்து வயதுச் சிறுவனுக்கு வாய்க்கக்கூடிய மிக உயர்ந்த சிருஷ்டிகளுள் ஒன்று. அந்நூலில் கண்ணாடித் தூளையும் பசையையும் பூசி மாஞ்சாவாக்கி, அடுத்தவன் காத்தாடியை அறுக்க டீல் போடத் தொடங்கியபோதுதான் இருசக்கர வண்டியில் சென்றவர்களின் கழுத்தும், தகப்பனோடு சென்ற குழந்தையின் கழுத்தும் அறுபட்டன. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடெங்கும் தடை செய்தது. சென்னைப் போலீசார் ஆண்டுதோறும் மாஞ்சா நூல் கண்டுகளைப் பறிமுதல் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்று இதே பேட்டைகளில் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் தேடுவோர்க்கு, பல துண்டுகளாக உள்ளதும், இன்னதுதான் செய்ய வேண்டுமென்று கட்டளையிடாததும், கலைத்தால் நஷ்டமில்லாததுமான பொருளையே நான் சொல்லுவேன். கடையில் வாங்குவதாயின், 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குக. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையாயின் வாயில் அடங்கும் துண்டுகளையும், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் ஊதாத பலூனையும், உடைந்த பலூனின் கிழிசலையும் அதன் கைக்கு எட்டாமல் வைத்திடுக. வாங்க இயலாதவர்கள் தெருமுனைத் தச்சரிடம் வேலை முடிந்து மிஞ்சும் மரத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரே அளவாக இருபது முப்பது கட்டைகள் அறுக்கச் சொல்லி, சாயம் எதுவும் பூசாமல், முனைகளை மட்டும் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தால் போதும்.