சிங்கப்பூர் - நியூயார்க் 15,300 கி.மீ.: விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே நீண்ட தூரம் போவது சிங்கப்பூர் - நியூயார்க் விமானம்தான். சாங்கி விமான நிலையத்துக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15,300 கி.மீ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை இயக்குகிறது.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று கணக்குப் போட்டால் 17 மணி நேரம்தானே வருகிறது? ஆனால் அட்டவணையில் இருப்பது 18 மணி 40 நிமிடத்துக்கு மேல். ஓடுபாதைக்குப் போய்ச் சேருவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் சேரும். இன்னொரு முக்கியமான காரணம், விமானம் நேர்வழியில் போவதில்லை.

உலக உருண்டையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஒட்டிப் போகும். அதுதான் குறுக்குவழி. ஆனால் விமானிகளுக்குக் குறுக்குவழியைவிடக் காற்றுதான் முக்கியம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளினால், கூடுதல் தூரம் பறந்தாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் பல நாட்களில் போகும்போது பசிபிக் கடல் வழி, திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. இரண்டு முறையும் கிழக்குதான். போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு!

கடிகாரமும் குழப்பும். நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிடக் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி பின்னால். கோடையில் திங்கள் இரவு 11.55-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், இறங்கும்போது அங்கே செவ்வாய் காலை 6.35 மணி. காலண்டரில் ஒரு ராத்திரிதான், உடம்புக்கு முக்கால் நாள்.

இந்தத் தடத்துக்கென்றே 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் வாங்கப்பட்டது. பாரத்தைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே. பிசினஸும் பிரீமியம் எகானமியும்தான், சாதாரண எகானமி கிடையாது. பக்கத்தில் உள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு 2004-ல் தொடங்கிய நேரடிச் சேவை, எரிபொருள் செலவு தாங்காமல் 2013-ல் நின்று, 2018-ல்தான் இந்த விமானத்தோடு திரும்ப வந்தது. கென்னடிக்கு 2020 முதல் பறக்கிறது.

சென்னையிலிருந்து போகிறவர்கள் சாங்கிக்கான 2,900 கி.மீ., சுமார் நாலரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வானத்தில் மட்டுமே 23 மணி நேரம். எகானமி டிக்கெட் வேண்டும் என்றால், அதே நிறுவனத்தின் ஃபிராங்க்ஃபர்ட் வழி விமானத்தைப் பார்க்கலாம்.

நியூயார்க்கில் இறங்கி வேறு அமெரிக்க நகரத்துக்குப் போகிறீர்களா? குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, திரும்பவும் ஒப்படைக்க வேண்டியது அங்கேதான். காற்று கைகொடுக்காத நாளில் விமானம் தாமதமாகவும் வரலாம். அடுத்த விமானத்துக்கு மூன்று, நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுவது நல்லது.