ஊசியும் பதிவேடும்

கொழும்புத் துறைமுகத்திலே மனிதர் மூட்டை சுமந்த காலம் ஒன்று இருந்தது. கொள்கலன்கள் வருமுன்னர், கப்பலில் வந்த அரிசியும் மாவும் சீனியும் மனித முதுகின் மீதே கரை சேர்ந்தன. அவ்வாறு சுமந்தவருட் பலர் கொட்டாஞ்சேனையிலும் அதனை அடுத்த தெருக்களிலும் குடியிருந்தனர். நகரின் மறுகோடியில், வெள்ளவத்தை நெசவாலையிலே, நாள் முழுவதும் தறியின் முன்னே நின்ற தொழிலாளர் இருந்தனர். இவ்விரு சாராருக்கும் பொதுவான சொத்து ஒன்று உண்டென்றால் அது நாரிப்பிடிப்பும் தோள் உளைவுமே. சிலர் எண்ணெய் போட்டு உருவிவிடும் பரியாரியாரை நாடினர். சிலர் அரசினர் வைத்தியசாலை வரிசையிலே நின்றனர். பலர் நோவைச் சுமந்துகொண்டே மறுநாள் வேலைக்குப் போயினர்.

அந்த நோவுக்கு இன்று வேறொரு பரிகாரமும் சொல்லப்படுகிறது. தசையிலே இறுகிக் கிடக்கும் முடிச்சு ஒன்றைத் தேடிப்பிடித்து, மருந்து எதுவும் இல்லாத மெல்லிய ஊசியை அதனுள்ளே செலுத்துவது. 'உலர் ஊசி' என்பது அதன் பெயர். அதனைக் குத்துகின்ற கைக்கு யார் பொறுப்பு? நேயர்களே, இக்கேள்விக்கு விடை தேடுவோமாயின் இலங்கையின் வைத்தியச் சட்டங்களின் வரலாற்றுக்குள்ளே சிறிது புகவேண்டியிருக்கிறது.

1927ஆம் ஆண்டின் வைத்திய கட்டளைச் சட்டம் மேலைநாட்டு வைத்தியம் பயின்றவர்களுக்கு ஒரு பதிவேட்டை அளித்தது. நாட்டு வைத்தியர்கள் அப்பதிவேட்டுக்கு வெளியே நின்றனர். இரண்டு ஆண்டுகளின் பின், 1929இல், பொரளையிலே சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. கல்லூரி இருந்தால் பட்டம் இருக்கும். பட்டம் இருந்தால் பதிவும் வேண்டும் அல்லவா? 1941இல் சுதேச வைத்தியத்துக்கெனத் தனிச்சட்டம் வந்தது. அதன் இடத்தை 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் பெற்றது. 1970இல் ஓமியோபதிக்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

இவற்றுள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு வரைவிலக்கணம் நம் பொருளுக்கு மிக வேண்டியது. ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளே சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை என்பவற்றை அடக்கியதோடு அச்சட்டம் நிற்கவில்லை. ஆசிய நாடுகளுக்கு உரியனவாய், அவ்வந்நாட்டு அரசாங்கங்களால் அங்கீகரிக்கப்பட்ட பிற வைத்திய முறைகளையும் அதனுள்ளே சேர்த்துக்கொண்டது. சீனரின் ஊசி வைத்தியம் சீன அரசு ஏற்ற வைத்தியம். ஆதலின் இலங்கைச் சட்டத்தின் கண்ணிலே அது ஆயுர்வேதமாகிவிடக்கூடும்! சட்டம் இயற்றியோர் இதனைக் கருதினரோ இல்லையோ, சொற்கள் அவ்வாறு விரிந்து கிடக்கின்றன.

அச்சீன ஊசி கொழும்பிலே பெயர் பெற்ற இடம் வெள்ளவத்தைக்கு அணித்தாய் உள்ள களுபோவிலை. அங்குள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையிலே, மேலைநாட்டு வைத்தியம் கற்ற அரசாங்க வைத்தியரான அன்ரன் ஜயசூரியா அக்குபங்சர் சிகிச்சையை நடத்தினார். 1970களிலும் அதன் பின்னரும் நாட்பட்ட மூட்டு நோவுடன் ஏழைகள் அங்கே திரண்டனர். கற்பதற்காக வெளிநாட்டார் வந்தனர். 2005இல் அவர் காலமானார். அவர் ஊசி குத்தியபோது அதிகாரத்தைப் பற்றிய கேள்வி எழவில்லை. பதிவுபெற்ற வைத்தியர் என்ற கவசம் அவருக்கு இருந்தது. அக்கவசம் இல்லாதவர் அதே கலையைப் பயின்று அதே ஊசியை எடுத்தால் என்ன செய்வது? சுவரிலே தொங்கும் சான்றிதழ் ஒன்று. பதிவேட்டிலே உள்ள பெயர் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவது நோயாளிக்கு எளிது.

இனி உலர் ஊசியின் பிறப்பிடத்துக்கு வருவோம். அதன் குலமுறை மேற்கே போகின்றது. மேலைநாட்டிலும் ஊசி புதிதன்று. பெயர்பெற்ற கனேடிய வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் 1892இல் வெளியிட்ட தமது மருத்துவ நூலிலே, திடீரென வரும் நாரிப்பிடிப்புக்கு மூன்று நான்கு அங்குல ஊசிகளைக் குத்துவது சிறந்த சிகிச்சை என்று எழுதினார். பெண்கள் தொப்பியிலே செருகும் ஊசியைச் சுத்தம் செய்து குத்தினாலும் போதும் என்றார். இன்றைய தாதி ஒருவர் கேட்டால் திடுக்கிடுவார்.

பின்னர் அமெரிக்காவிலே ஜனட் ட்ரவெல் என்னும் பெண் வைத்தியர் தசையின் வலிமுடிச்சுகளை ஆராய்ந்தார். ஓரிடத்து முடிச்சு வேறோரிடத்தே நோவை எழுப்பும் என்பதை அவர் படம்படமாக வரைந்து காட்டினார். ஜனாதிபதி கென்னடியின் முதுகு நோவுக்கு வைத்தியம் செய்தவரும் அவரே. அவர் முடிச்சினுள் மருந்தைச் செலுத்தினார். மருந்தா, ஊசியா, எது குணம் தந்தது என்ற ஐயம் எழுந்தது. செக் நாட்டு வைத்தியர் கரெல் லெவிற் 1979இல் 241 நோயாளரைப் பற்றி எழுதினார்: மருந்தின்றிக் குத்தப்பட்ட 312 இடங்களிலே நூற்றுக்கு 87 அளவில் உடனே வலி தணிந்தது. ஒப்புநோக்க வேறு குழு வைத்துச் செய்த சோதனையன்று அது. ஆயினும் அதன் பின் வெற்றூசி தனித்தொரு சிகிச்சையாய் வளர்ந்தது.

இங்கேதான் சிக்கல். உலர் ஊசிக்காரர், "எமது முறை தசையின் உடற்கூற்றிலிருந்து வந்தது, சீனத்துக்குக் கடன்படவில்லை" என்பர். அக்குபங்சர் வைத்தியரோ, "அமுக்கினால் வலிக்கும் இடத்திலே குத்துவதை நாம் முன்னரே அறிவோம், எம் ஊசியை எடுத்துப் புதுப்பெயர் இட்டீர்" என்பர். எமக்கு இரு வாதமும் பாதி உண்மையாகவே படுகின்றன. ஊசி ஒன்றே, தசையும் ஒன்றே. ஆயினும் சீனப் பெயரோடு வந்தால் ஆயுர்வேதச் சட்டத்தின் நிழலிலே ஒதுங்கலாம். உலர் ஊசி என்று வந்தால் அந்நிழல் இல்லை. அதனைப் பெரும்பாலும் கையாள்பவர் பிசியோதெரபி பயின்ற இயன்மருத்துவர். அவர்கள் வைத்தியத்துக்குத் துணையான தொழிலினராய் வைத்திய சபையிலே பதியப்படுகின்றனர். தோலைத் துளைப்பது அத்துணைத் தொழிலுக்குள் அடங்குமா? 1927இலே சட்டம் எழுதியவர்கள் இக்கேள்வியை நினைத்திருக்க இயலாது.

பெயர் பற்றிய வழக்குத்தானே என்று தள்ளிவிட முடியாது. தோளின் மேற்புறத்துத் தசைக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கின்றது. மூட்டை சுமந்தவனுக்கு நோவு குடியிருப்பதும் அங்கேதான். ஊசி சிறிது ஆழம் தவறினால் நெஞ்சறையிலே காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கும். சிலவேளை மூச்சுத் திணறல் வீட்டுக்குப் போன பின்னரே தெரியவரும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமி பரவும்.

அமெரிக்க நாட்டாரும் இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வட கரோலைனா மாநிலத்திலே அக்குபங்சர் சபை இயன்மருத்துவர் சபையின்மீது வழக்குத் தொடுத்தது. உலர் ஊசி இயன்மருத்துவரின் தொழிலுக்குள் அடங்கும் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலோ இயன்மருத்துவருக்கு அவ்வுரிமை அளிக்கப்படவில்லை.

எந்த வைத்திய முறையைச் சேர்ந்தவர் என்று கேட்பது நம் சட்டங்களின் வழக்கம். உடலினுள்ளே எவ்வளவு ஆழம் போகிறார், அவ்விடத்து உடற்கூற்றை எத்தனை காலம் கற்றார் என்று கேட்பதே இங்கு பொருந்தும் என்பது எம் கருத்து. எனினும் ஊசியை நிபுணர் சிலருக்கே உரியதாக்கினால், வெள்ளவத்தையிலே கட்டணம் செலுத்தக்கூடியவருக்கு அது கிடைக்கும். கொட்டாஞ்சேனையிலே நாட்கூலிக்குப் போகிறவர் பழையபடி நோவோடு வேலைக்குப் போவார். களுபோவிலையிலே திரண்ட கூட்டத்தை நினைவிற் கொண்டே எந்த விதியும் எழுதப்படல் வேண்டும்.

விதி வரும்வரை நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். முதுகின் பக்கம் நிற்பவரின் கையை அவர் காண்பதில்லை. படுக்குமுன்னர், பதிவு எந்தச் சபையிலே என்று கேட்பது அவமரியாதையன்று. ஊசியின் உறையைத் தம் கண்முன்னே பிரிக்கும்படியும் அவர் கேட்கலாம்.