விளக்கேந்திய பெண்: ஏற்காட்டு நீலப் படமும் மைசூர் மூலமும்

முதலில் ஒரு திருத்தம். சில வருடங்களுக்கு முன் காலண்டர் படங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில், கையில் விளக்கோடு நிற்கும் பெண்ணின் படத்தை "ரவி வர்மாவின் புகழ்பெற்ற ஓவியம்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அது தப்பு. யாரும் சுட்டிக்காட்டவில்லை, ஏன்னா படித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எனக்கே தெரிய வந்தது, மைசூர் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றபோதுதான்.

அந்தப் படம் எங்கள் ஏற்காட்டு வீட்டின் முன்னறையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. அப்பா எங்கேயோ கிடைத்த காலண்டரின் அடியில் இருந்த தேதித்தாளை வெட்டிவிட்டு, சேலத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாராம். "ரவி வர்மா படம்டா, சாதாரணம் இல்ல" என்பார். எனக்குத் தெரிந்து அந்தப் படம் எப்பவுமே நீலம்தான். முகம் நீலம், புடவை கருநீலம், பின்சுவர் சாம்பல் கலந்த நீலம். அந்தப் பெண் ஏற்காட்டுப் பனியில்தான் நிற்கிறாள் என்று சின்ன வயதில் தீர்மானமாக நம்பினேன். மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கே ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போகிற ஊர் அது. கரண்ட் போய்விட்டால் அம்மா சிம்னி விளக்கை ஏற்றி இதே மாதிரிதான் கையை வளைத்து மறைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வருவார். ஆக, படத்தில் இருப்பது எங்க ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மைசூர் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம், அங்கிருந்து மேட்டூர், மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழி. அரண்மனை, சாமுண்டி மலை எல்லாம் முடிந்தபின் மிச்சம் இருந்த நேரத்தில் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போனோம். 1861இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. 1897இல் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்த பிறகு, புது அரண்மனை தயாராகும் வரை ராஜ குடும்பம் இங்கேதான் இருந்தது. 1915இல் ஓவியக்கூடமாக மாறியது. இன்றைய பெயர் ஜயசாமராஜேந்திர கலைக்கூடம்.

உள்ளே ரவி வர்மாவின் மூல ஓவியங்கள் இருக்கின்றன. வெவ்வேறு பிரதேசத்து உடைகளில் பதினோரு பெண்கள் சேர்ந்திருக்கும் இசைக் கலைஞர்கள் படமும் இங்கேதான். எண்ணெய் வண்ணத்தின் கனம், நகைகளில் தூரிகை விட்டுப்போன சின்னச் சின்ன மேடுகள், இதெல்லாம் செல்போன் திரையில் தெரியவே தெரியாது. ஆனால் நான் அதைப் பார்க்கப் போகவில்லை. நேராக விளக்குப் பெண்ணைத் தேடினேன்.

அவளை இருட்டாக்கிய தனி இடத்தில் வைத்திருக்கிறார்கள். நாலைந்து பேர் நிற்கிற இடம், எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். கண் பழக அரை நிமிடம் ஆகும். அப்புறம் அந்தச் சுடர் எரிகிறது. நிஜமாகவே எரிகிற மாதிரிதான் இருந்தது. பின்னால் பல்பு ஏதாவது வைத்திருக்கிறார்களோ என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்த ஆசாமிகளில் நானும் ஒருவன். முகத்தில் பொன் நிறம், சுடரை மறைக்கிற விரல்களின் ஓரத்தில் ரத்தச் சிவப்பு. டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சிவப்பு. புடவை ஊதாச் சாயல். நீலம் எங்குமே ஆதிக்கம் செய்யவில்லை.

அம்மாதான் முதலில் சொன்னார்: "இது நம்ம வீட்டுப் படம் இல்லியே கண்ணு."

நம்ம வீட்டுப் படம்தான் அம்மா. வெயில் தின்றுவிட்டது, அவ்வளவுதான். காலண்டர் அச்சில் நான்கு மைகள்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வெளிச்சத்தில் முதலில் போவது பொதுவாக மஞ்சளும் மெஜந்தாவும். கடைசிவரை நிற்பது நீலமும் கறுப்பும். பழைய சலூன் படங்களும் டீக்கடை விளம்பரங்களும் ஒரு கட்டத்தில் நீலமாகிப் போவது இதனால்தான். எங்கள் முன்னறை ஜன்னல் மேற்கு பார்த்தது. சுடரின் மஞ்சளையும் விரலின் சிவப்பையும் சாயங்கால வெயில் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பனி என்று நினைத்தது, போன மையின் மிச்சம்.

இரண்டாவது அதிர்ச்சி பெயர்ப்பலகையில். எஸ். எல். ஹல்தங்கர். நீர்வண்ணம்.

ரவி வர்மா இல்லை. எண்ணெய் வண்ணமும் இல்லை! திரும்பி வந்து ஒரு வாரம் இதையே தேடிக்கொண்டிருந்தேன். சாவ்லாராம் லக்ஷ்மண் ஹல்தங்கர், 1882இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் பிறந்தவர். மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் படித்து, 1908இல் மும்பையிலேயே சொந்தமாக ஓவியப் பள்ளி தொடங்கியவர். 1968 வரை வாழ்ந்தார். படத்தில் நிற்பது அவருடைய மகள் கீதா. ரவி வர்மா இறந்தது 1906. கீதா அப்போது பிறக்கவே இல்லை. இதற்கு மேல் வேறு ஆதாரம் எதற்கு? 2018 அக்டோபரில் அவர் கோலாப்பூரில் காலமானபோது வயது நூறைத் தாண்டியிருந்தது. அதாவது, படத்தில் இருப்பவர் கோலாப்பூரில் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவர் பிறக்கும் முன் இறந்துபோன ஒருவர் அவரை வரைந்ததாக நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் குறிப்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

எப்படி நடந்தது இது? ஒரே கட்டிடத்தில் ரவி வர்மாவும் ஹல்தங்கரும் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம் அச்சு என்று நினைக்கிறேன். ரவி வர்மா 1894இல் மும்பையில் தன் அச்சகத்தைத் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரங்கள், கல் அச்சு. லட்சுமியும் சரஸ்வதியும் கோயிலுக்கு வெளியே, வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். சில வருடங்களில் அச்சகத்தை ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார், ஆனால் பெயர் அச்சகத்தோடு ஓடிக்கொண்டே இருந்தது. போட்டோ காப்பி எல்லாம் "ஜெராக்ஸ்" ஆனது போல, புடவை கட்டிய பெண்ணை நிஜம் மாதிரி வரைந்த எல்லாமே "ரவி வர்மா படம்" ஆகிவிட்டது. அப்பா பொய் சொல்லவில்லை. அவர் ஒரு ஆளின் பெயரைச் சொல்லவில்லை, ஒரு ரகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். காலண்டருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிரதியின் பிரதியின் பிரதி வரும்போது ஓரம் வெட்டுப்படும், பெயர் போகும்.

நீர்வண்ணம் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எண்ணெய் வண்ணத்தில் தப்பு செய்தால் மேலே பூசி மறைக்கலாம், வெளிச்சத்தைக் கடைசியில் வெள்ளை வைத்துக் கொண்டுவரலாம். நீர்வண்ணத்தில் மரபான முறைப்படி வெள்ளை என்பது தாள்தான். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றிலும் இருட்டை அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். கை ஒருமுறை வழுக்கினால் திரும்ப வழியில்லை. இவ்வளவு இருட்டை, இவ்வளவு மென்மையாக, அழுக்காகாமல் எப்படிக் கட்டினார் மனுஷன்?

அந்த இருட்டறைக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. தாளில் நீர்வண்ணத்தால் வரைந்தவற்றை அதிக வெளிச்சத்தில் வைக்கக்கூடாது. அருங்காட்சியகங்களில் வழக்கமாகச் சொல்லும் அளவு 50 லக்ஸ். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். எங்கள் முன்னறையில் வெயில் நேராக விழும்போது அது பல்லாயிரம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தை வரைந்த படம், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும்.

அம்மா இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து எந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கா பாரு" என்றார். நான் வெளிச்சத்தைப் பார்த்த இடத்தில் அவர் காற்றைப் பார்த்தார்.

வெளியே கடையில் ஒரு நல்ல பிரதி கிடைத்தது. ஏற்காட்டில் பழையதை எடுத்துவிட்டு அதை மாட்டலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அப்பா மாட்டியது அங்கேயே இருக்கட்டும், புதுசை உள்ரூமில் வெயில் படாத இடத்தில் மாட்டு என்றார். நான் நீலப் படத்தைக் கழற்றித் துடைத்தபோது, பின் அட்டையில் பேனாவால் "ஓவியர்: எஸ். எல். ஹல்தங்கர், மைசூர் ஜகன்மோகன் அரண்மனை" என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எழுதறதுதான் எழுதற, அந்தப் பொண்ணு பேரையும் எழுதிடு."

எழுதினேன்.