ஆறு வராத வருஷம், ஈபி கணக்கு

இந்த எபிசோடு காவிரியைப் பத்தி. ஆனா ராஜராஜ சோழனும் கல்லணையும் இதுல வர மாட்டாங்க. ஒரு மின்வாரியத்தோட வரவு செலவு வழியா தஞ்சாவூர் டெல்டாவைப் பார்க்கப் போறோம். "டான்ஜெட்கோவுக்கு இத்தனை ஆயிரம் கோடி நஷ்டம்"னு செய்தி வரும்போதெல்லாம் கீழே கமெண்ட்ல ஒருத்தராவது "விவசாயிக்கு இலவசமா கொடுத்தா இப்படித்தான்"னு எழுதியிருப்பார். அந்த வரிக்குப் பின்னாடி ஐம்பது வருஷக் கதை இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கிறோம்.

முதல்ல ஒரு தேதி: 2018 பிப்ரவரி 16. காவிரி வழக்குல உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொன்ன நாள். 2007-ல் நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் தரணும்னு சொன்னது 192 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைச்சது. குறைந்தது 14.75 டிஎம்சி. பெங்களூரு குடிநீருக்கு 4.75 போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மீதி 10 டிஎம்சி குறைஞ்சதுக்கான காரணம்தான் நமக்கு முக்கியம். தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கு, அதுல 10 டிஎம்சியைக் கணக்குல எடுத்துக்கலாம்னு நீதிமன்றம் சொன்னது.

ஆத்துல வர்ற தண்ணி வாய்க்கால்ல தானா இறங்கி வயலுக்குப் போயிடும். நிலத்தடித் தண்ணி தானா மேலே வராது. மோட்டார் போடணும். அந்த மோட்டாருக்கு யார் காசு கட்டுறாங்க? தமிழ்நாட்டுல விவசாய மின்சாரம் இலவசம். அப்போ அந்த 10 டிஎம்சி, கர்நாடகத்தோட அணைக் கணக்கிலிருந்து நம்ம ஈபியோட செலவுக் கணக்குக்கு மாறியிருக்கு. தீர்ப்பைப் பத்தின விவாதங்கள்ல இந்தப் பக்கத்தை யாரும் பெருசா பேசினதா நான் பார்க்கல.

இன்ஜினியரிங் படிச்ச பழக்கம், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டிஎம்சின்னா சுமார் 2.83 கோடி கன மீட்டர். 20 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கணும், பம்புசெட்டோட திறன் 40 சதவீதம்னு வெச்சுக்குவோம். ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.14 யூனிட். 10 டிஎம்சிக்குச் சுமார் 4 கோடி யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சா 32 கோடி ரூபாய். ஆழமும் திறனும் விலையும் என் அனுமானம்தான், ஊருக்கு ஊர் மாறும்.

32 கோடி, பெரிய தொகை இல்ல. பம்புசெட் மின்சாரத்துக்காகத் தமிழக அரசு வருஷத்துக்கு ஒதுக்குறதே இப்போ 7,000 கோடிக்கு மேல. ஆனா அதே கணக்கை ஒரு ஏக்கருக்குப் போடுங்க. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணி வேணும்னு வெச்சுக்கிட்டு, முழுக்க போர் தண்ணியிலேயே விளைவிச்சா ஏக்கருக்கு 650 யூனிட்டுக்கு மேல வரும். ரூபாயில் 5,000-க்கு மேல. 10 டிஎம்சி அறுபதாயிரம் ஏக்கருக்குக்கூட காணாது. டெல்டாவில் நெல் விளையுறது பல லட்சம் ஏக்கர்ல. ஆறு வராத வருஷத்துல நீதிமன்றம் சொன்ன 10 டிஎம்சியோட யாரும் நிறுத்திக்கப் போறதில்ல.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். டெல்டாவுக்கும் மின்சாரத்துக்கும் உறவு ஆரம்பிச்சப்போ நிலைமை நேர் தலைகீழ். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிஞ்சது, 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. டெல்டா பாசனத்துக்குத் திறக்கிற தண்ணி, போற வழியில டர்பைனைச் சுத்திட்டுப் போகும். இன்னைக்கும் மேட்டூர் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம். அதாவது தஞ்சாவூர்க்காரர் ஜூன் 12-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாரே, அதே தேதி மின்வாரியத்துக்கும் லாபமான தேதி. டெல்டா விவசாயி அப்போ கிட்டத்தட்ட மின்சாரமே வாங்காதவர், ஆனா அவருக்குப் போற தண்ணி மின்சாரம் கொடுத்துட்டுப் போச்சு.

1957 ஜூலையில் மின்வாரியம் உருவாச்சு. அடுத்த இருபது வருஷம் கிராமம் கிராமமா கம்பி இழுத்தாங்க. பம்புசெட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுக்கிறதுல தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில இருந்தது. இதோட மையம் டெல்டா இல்ல, கோயம்புத்தூர் பக்கம். கிணத்துப் பாசனப் பூமி, ஆழமான கிணறு, கரண்ட் இல்லன்னா பயிர் இல்ல. அதனாலதான் மின்கட்டணப் போராட்டமும் அங்கேதான் வெடிச்சது. நாராயணசாமி நாயுடு தலைமையில 1970-ல் ஆரம்பிச்ச போராட்டம் யூனிட்டுக்கு ஒண்ணு ரெண்டு பைசா கட்டண உயர்வை எதிர்த்து. அந்த வருஷம் ஜூன் 19 அன்னைக்கு பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டுல 3 விவசாயிகள் இறந்தாங்க. 1972-ல் கோவை சாலைகள்ல மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்தி ஊரையே ஸ்தம்பிக்க வெச்சாங்க.

அதே காலத்துல டெல்டாவோட சண்டை வேற: கூலி, குத்தகை, நிலம். 1968 டிசம்பர்ல கீழ்வெண்மணி. மின்கட்டணம் அங்கே பெரிய பிரச்சினையாக வாய்ப்பே இல்ல, ஆறு ஓடிக்கிட்டு இருந்தது.

1984-ல் எம்ஜிஆர் அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. அந்த வருஷக் கடைசியிலயே நாராயணசாமி நாயுடு இறந்துட்டார். 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிவாக்கியது. இதுல ஒரு வேடிக்கை. 1983-ல் நாடாளுமன்றம் மின்சார வழங்கல் சட்டத்தைத் திருத்தி, மாநில மின்வாரியங்கள் சொத்து மதிப்புல 3 சதவீதம் உபரி காட்டணும்னு சொன்னது. ஒரு பக்கம் உபரி காட்டச் சொல்ற சட்டம், இன்னொரு பக்கம் பில்லே இல்லாத வாடிக்கையாளர். நடுவுல இருக்கிற ஓட்டையை அரசு மானியம் அடைக்கணும்.

இலவசம் வந்ததோட மீட்டரும் போச்சு. காசு வாங்காத இடத்துல ரீடிங் எடுக்க ஆள் எதுக்கு? இங்கேதான் என்னை மாதிரி சாப்ட்வேர் ஆளுக்கு நெருடும். டேட்டாபேஸ்ல ஒரு காலம் காலியா இருந்தா அதை நல் வேல்யூன்னு சொல்வோம். அது பூஜ்யம் கிடையாது, என்னன்னு தெரியாத மதிப்பு. தமிழ்நாட்டுல இன்னைக்கு 23 லட்சம் பம்புசெட்டுகள் பக்கம் இருக்கு. அதுல பெரும்பாலானதோட பயன்பாடு அந்தக் காலி காலம். சில மாதிரி மீட்டர்களை வெச்சு, ஒரு எச்பிக்கு வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு மதிப்பிட்டு மொத்த எச்பியோட பெருக்கிப்பாங்க. இதோட விளைவு சும்மா இல்ல. வாரியம் வாங்கின மொத்த மின்சாரத்துல மீட்டர்ல பதிவானது போக மீதி, ஒண்ணு விவசாயம், இல்லன்னா கம்பி இழப்பும் திருட்டும். விவசாய மதிப்பீட்டைக் கூட்டினா இழப்பு குறைவாத் தெரியும், குறைச்சா இழப்பு கூடித் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவுன்னு அளக்க மீட்டர் கிடையாது.

இந்தக் காலகட்டத்துலதான் டெல்டாவில் ஆறு மாற ஆரம்பிச்சது. 1924 ஒப்பந்தத்தோட ஐம்பது வருஷம் 1974-ல் முடிஞ்சது. 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் 205 டிஎம்சி இடைக்கால உத்தரவு, அப்புறமும் வருஷா வருஷம் இழுபறி. ஜூன் 12 நம்ப முடியாத தேதியாச்சு. பாபநாசம், திருவையாறு, கும்பகோணம் பக்கமெல்லாம் நல்ல தண்ணி மேலாகவே கிடைக்கும். அங்கே பில்டர் பாயிண்ட், அப்புறம் போர், அதுக்கு ஒரு சர்வீஸ். மே மாசத்துலயே போர் தண்ணியில நாத்தங்கால் விட்டு முன்பட்டக் குறுவையை ஆரம்பிச்சாங்க. கொங்கு நாடு ரத்தம் சிந்தி வாங்கின சலுகைக்குள்ள, டெல்டா தாமதமா, ஆறு ஏமாத்தினதால நுழைஞ்சது.

எல்லாருக்கும் சமமா நுழைய முடியல. சர்வீஸ் வாங்க நிலம் உங்க பேர்ல இருக்கணும். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைய, சாகுபடி பண்றவர் குத்தகைதாரர். அவர் பக்கத்து போர்க்காரர்கிட்ட மணிக்கு இவ்வளவுன்னோ விளைச்சல்ல பங்குன்னோ கொடுத்துத் தண்ணி வாங்குவார், இல்ல டீசல் இன்ஜின் வைப்பார். அரசு இலவசமா கொடுத்த மின்சாரம் அவர்கிட்ட வரும்போது விலையோட வரும். சாதாரண வரிசையில கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அவசரம்னா தட்கல் திட்டத்துல 5 எச்பிக்கு 2.5 லட்சம் கட்டணும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடைமடைக்குப் போனா கதை இன்னும் மோசம், நிலத்தடியில உப்புத் தண்ணி. போர் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஆறு வந்தாத்தான் உண்டு. நீதிமன்றம் எண்ணின 10 டிஎம்சியில அவங்க வயலுக்கு ஒரு மடை கூட கிடையாது.

2003-ல் ஜெயலலிதா அரசு இலவசத்தை நிறுத்திக் கட்டணம் கொண்டு வந்தது. 2004 மக்களவைத் தேர்தல்ல அதிமுக ஒரு இடம்கூட ஜெயிக்கல. முடிவு வந்த சில நாள்லயே இலவச மின்சாரம் திரும்பி வந்தது. அதுக்கப்புறம் எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் போகல.

இப்போ 2012-க்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையோட நடு முடிச்சு இந்த வருஷம்தான். 2010 நவம்பர்ல வாரியத்தைப் பிரிச்சு டான்ஜெட்கோ உருவாகியிருந்தது. மாநிலத்துல கடுமையான மின்பற்றாக்குறை, கிராமங்கள்ல 12 மணி நேரத்துக்கு மேல கரண்ட் கட். வெளிச்சந்தையில அதிக விலைக்கு மின்சாரம் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஏப்ரல்ல மின்கட்டணமும் பெருசா ஏறியது. ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கல. அரசு என்ன பண்ணுச்சு? குறுவைத் தொகுப்புத் திட்டம்னு அறிவிச்சு, டெல்டாவுக்குத் தினமும் 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் கொடுத்தது. ஊரே இருட்டுல இருக்கும்போது! மேட்டூர் செப்டம்பர்லதான் திறந்தது.

அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். குறுவை போனா கூலியாளுக்கு வேலையும் போச்சு. ஆனா கணக்குப் புத்தகத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. மேட்டூர் டர்பைன் சுத்தல, அதனால மலிவு மின்சாரம் போச்சு. அதே தண்ணி இல்லாததால பம்புசெட் கூடுதலா ஓடுது, தேவை ஏறுது. அந்தத் தேவைக்கு விலை கூடின மின்சாரம் வாங்கணும். ஆனா விவசாயத்துக்காக அரசு கொடுக்கிற மானியம், ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிச்ச விகிதப்படி ஒரு எச்பிக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டித் தொகை. ஆறு நிறைஞ்ச வருஷமும் அதே, வறண்ட வருஷமும் அதே. செலவு ஆத்தோட சேர்ந்து ஆடுது, வரவு ஆடல.

டான்ஜெட்கோவோட ஒரு லட்சம் கோடியைத் தாண்டின கடனுக்கு இதுதான் காரணம்னு சொல்ல வரல. வட்டி, நிலக்கரி, தனியார் மின்கொள்முதல்னு பெரிய காரணங்கள் வேற இருக்கு. டெல்டாவிலேயே பிள்ளைப்பெருமாநல்லூர்ல நாப்தாவில் ஓடின 330 மெகாவாட் தனியார் நிலையம் இருந்தது. விலை கூடின மின்சாரம், வாரியத்தோட தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அந்த மாதிரி ஒப்பந்தங்களை விட்டுட்டு விவசாயியை மட்டும் கை காட்டுறது சோம்பேறித்தனம்.

2017 ஜனவரியில் தமிழ்நாடு ஒன்றிய அரசோட உதய் திட்டத்துல சேர்ந்தது. டான்ஜெட்கோ கடன் 30,420 கோடியில 75 சதவீதம், 22,815 கோடியை மாநில அரசு ஏத்துக்கிச்சு. ஜெயலலிதா இருந்த வரைக்கும் அதுல சேராததுக்கு அவர் சொன்ன எதிர்ப்புகள்ல ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒருமுறை கட்டணத்தை மாத்தணும்ங்கிற நிபந்தனை. அதுக்கப்புறமும் நஷ்டம் நிக்கல. 2022 செப்டம்பர்ல கட்டண உயர்வு, 2024-ல் டான்ஜெட்கோவையே உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தின்னு பிரிச்சாங்க. இதுக்கு நடுவுல 2021-ல் ஒரே வருஷத்துல ஒரு லட்சம் புது விவசாய கனெக்‌ஷன் திட்டமும் வந்தது. வளர்ச்சிதான், ஆனா பில் போகாத வாடிக்கையாளர் வளர்ச்சி.

மூணு மாசக் கணக்கு வேற ரூபத்துல திரும்பி வந்திருக்கு. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு மின்சார விதிகளைத் திருத்தி, மானியக் கணக்கை ஒவ்வொரு காலாண்டும் தரணும், காலாண்டு முடிஞ்சு 30 நாளுக்குள்ள அறிக்கை வரணும்னு சொல்லியிருக்கு. மானியப் பிரிவு எவ்வளவு யூனிட் பயன்படுத்தினாங்கங்கிறதை வெச்சு அந்தக் கணக்கு இருக்கணும்.

டெல்டாவோட காலாண்டுகளை யோசிச்சுப் பாருங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை, மோட்டார் பெரும்பாலும் ஓய்வு. ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடை நெல், குறுவை நாத்தங்கால், முழுக்க போர். 2022-ல் மேட்டூர் மே 24-லேயே திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரைக்கும் திறக்கல. ரெண்டு வருஷத்தோட முதல் காலாண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, மோட்டார் ஓடின நேரத்துல நிச்சயம் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆனா மீட்டர் இல்லாத பம்புசெட்டுக்கு ரெண்டு காலாண்டுலயும் மானியம் எச்பி கணக்குலதான்.